கார்கில் 1999: ஒரு கம்பெனி கமாண்டரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 நெருங்கினால் பள்ளி, கல்லூரி, ஊர் நூலகம் என்று எங்காவது பேசக் கூப்பிடுவார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். என்ன துப்பாக்கி, எத்தனை பேரைச் சுட்டீர்கள், டைகர் ஹில் சிகரம் எப்படி இருந்தது. லடாக்கில் உள்ள திராஸ் பகுதியில் ஒரு காலாட்படைக் கம்பெனிக்குப் பொறுப்பாக இருந்தவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருப்பது வேறு. எதை எப்படி மேலே கொண்டுபோனோம், யார் சுமந்தார்கள், கீழே யாரை எப்படி இறக்கினோம் என்பதுதான் அந்தக் கோடையில் என் மூளையை ராப்பகலாகத் தின்றது. சுமந்தவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் இதை எழுதி வைக்கிறேன். எங்கள் கம்பெனி சேர்ந்திருந்த பட்டாலியனின் பெயரையும் கூட இருந்தவர்கள் பெயரையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

கம்பெனி என்றால் எத்தனை பேர்? கமாண்டருக்கு என்ன வேலை?

காகிதத்தில் ஏறக்குறைய 120 பேர். மூன்று பிளட்டூன், ஒவ்வொன்றிலும் மூன்று செக்‌ஷன், செக்‌ஷனுக்குப் பத்துப் பேர், அப்புறம் கம்பெனி தலைமையகம். பொறுப்பாளர் வழக்கமாக மேஜர். ஆனால் 120 பேரும் ஒரு நாளும் கையில் இருக்க மாட்டார்கள். லீவில் சிலர், கோர்ஸில் சிலர், ஆஸ்பத்திரியில் சிலர், பட்டாலியன் வேலைக்கு இழுக்கப்பட்டவர்கள் சிலர். இதையெல்லாம் கழித்துவிட்டு மேலே ஏறத் தயாராக நிற்பவர்களை எண்ணினால் எண்பது, தொண்ணூறு தேறினாலே பெரிய விஷயம்.

கமாண்டர் என்றால் முன்னால் நின்று கத்துபவர் என்று நினைக்கிறார்கள். தாக்குதல் நடக்கும் சில மணி நேரத்துக்கு அது உண்மைதான். மற்ற நேரமெல்லாம் கணக்குப் பார்க்கிற வேலை. என்னிடம் இருந்த ஆட்களில் முக்கியமானவர்கள் என்று மூன்று பேரைச் சொல்வேன்: சீனியர் சுபேதார், கம்பெனி ஹவில்தார் மேஜர், கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். கடைசியாகச் சொன்னவரை சி.கியூ.எம்.எச். என்போம். ரேஷன், உடை, மண்ணெண்ணெய், பேட்டரி, கயிறு எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். யாருக்கு எந்த அளவு பூட்ஸ், யாருடைய கையுறை கிழிந்திருக்கிறது என்பது வரை அதில் இருக்கும். போருக்குப் போகும்போது நல்ல சி.கியூ.எம்.எச். கிடைத்த கமாண்டர் கொடுத்து வைத்தவர்.

திராஸுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள்?

அந்தப் பகுதியில் சண்டை போட்ட பட்டாலியன்களில் பல, காஷ்மீர் பள்ளத்தாக்கில் தீவிரவாத எதிர்ப்புப் பணியில் இருந்து அப்படியே இந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்டவை. 1999 மே முதல் வாரத்தில் பட்டாலிக் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் பாகிஸ்தான் ஊடுருவலைப் பார்த்துச் சொன்னார்கள். அடுத்த சில வாரங்களில் அது எவ்வளவு பெரியது என்று புரியப் புரிய ஒவ்வொரு பட்டாலியனாக வண்டியேறியது. ஜூன் தொடக்கத்தில் 8-வது மலைப் படைப்பிரிவு திராஸ், முஷ்கோ பகுதியின் பொறுப்பை எடுத்துக்கொண்டது.

ஸ்ரீநகரில் இருந்து லே வரை ஒரே சாலை, அப்போதைய பெயர் தேசிய நெடுஞ்சாலை 1ஏ. சோன்மார்க் தாண்டியதும் சோஜிலா கணவாய், 11,575 அடி. குளிர்காலம் முழுக்கப் பனியால் மூடிக்கிடக்கும், அந்த வருடம் பனி குறைவாக இருந்ததால் சீக்கிரம் திறந்தது. அது திறக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றைக்கும் யோசிப்பேன். கணவாயைத் தாண்டி இறங்கினால் மட்டாயன், பிறகு திராஸ். அங்கே சாலைக்கு நேர் மேலே டோலோலிங் சிகரம். மேலே உட்கார்ந்திருப்பவன் கையில் பைனாகுலரும் ரேடியோவும் இருந்தால் போதும், ஒவ்வொரு லாரியையும் எண்ணி, பின்னால் இருக்கும் அவனுடைய பீரங்கிக்குச் சொல்லிக் குண்டு போட வைக்கலாம். அதைத்தான் செய்தார்கள்.

அதனால் கான்வாய் இரவில்தான். ஹெட்லைட் கிடையாது. முன் வண்டியின் பின்னால் கீழே தெரியும் மங்கலான வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே டிரைவர் ஓட்டுவார், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். ஏ.எஸ்.சி. என்று சொல்லும் சேவைப் படைப்பிரிவின் டிரைவர்களுக்கும், எல்லைச் சாலை அமைப்பின் தொழிலாளர்களுக்கும் நான் எந்த மேடையிலும் முதலில் நன்றி சொல்வேன். குண்டு விழுந்து சாலை உடைந்தால் உடனே வந்து கல்லை அள்ளிப் போட்டு வழி செய்தவர்கள் அவர்கள்.

போன உடனே சண்டைதானா?

அப்படிப் போகக் கூடாது என்பதற்குத்தான் விதி இருக்கிறது. 9,000 அடிக்கு மேல் போனால் ஆறு நாள் உடலைப் பழக்க வேண்டும். 12,000 அடிக்கு மேல் இன்னும் நாலு நாள், 15,000 அடிக்கு மேல் மறுபடி நாலு நாள். முதல் இரண்டு நாள் வெறும் ஓய்வு, பிறகு மெதுவாக நடை, அப்புறம் ஏற்றம், கடைசியில் சுமையோடு ஏற்றம். 15,000 அடியில் நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 55, 60 சதவீதம்தான். மீறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முதலில் வறட்டு இருமல், பிறகு உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், கடைசியில் இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வரும். மருந்தும் ஆக்சிஜனும் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும், உண்மையான வைத்தியம் கீழே இறக்குவதுதான்.

போரின் தொடக்கத்தில் வந்த பட்டாலியன்களுக்கு இந்த நாட்கள் முழுதாகக் கிடைக்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு ஓரளவு கிடைத்தது. ஒரு கம்பெனி கமாண்டர் மேலிடத்தில் அடம் பிடித்துக் கேட்க வேண்டிய ஒன்று உண்டென்றால் அது இதுதான். நாள் கேளுங்கள். ஆளையும் துப்பாக்கியையும் கூடுதலாகத் தருகிறேன் என்பார்கள், நாள் மட்டும் தர யோசிப்பார்கள்.

குளிருக்கு உடை இருந்ததா?

போதுமானதாக இல்லை. பள்ளத்தாக்கில் ரோந்து போகிற உடையும் பூட்ஸும் 15,000 அடியில் இரவுக் குளிருக்குத் தாங்காது. சியாச்சினுக்கான சிறப்பு உடை கையிருப்பு அளவானது, திடீரென்று இத்தனை பட்டாலியனுக்கு ஒரே மாதத்தில் எங்கிருந்து வரும்? போருக்குப் பின் அரசு அமைத்த கே. சுப்ரமணியம் குழுவும் இந்தப் பற்றாக்குறையைப் பற்றி எழுதியிருக்கிறது. நாங்கள் செய்தது என்ன? இருக்கிற நல்ல ஜாக்கெட்டும் பூட்ஸும் மேலே போகிற பிளட்டூனுக்கு, அவர்கள் இறங்கி வந்ததும் கழற்றி அடுத்த பிளட்டூனுக்கு. சாக்ஸ் மட்டும் ஒவ்வொருவருக்கும் கூடுதல் ஜோடி, உடம்போடு ஒட்டிக் காய வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. ஈரச் சாக்ஸால் போன கால் விரல்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இந்த ஒரு விஷயத்தில் யாரையும் மன்னித்ததில்லை.

ஒரு ஜவான் முதுகில் எவ்வளவு எடை?

துப்பாக்கி, தோட்டா, கையெறி குண்டு, தண்ணீர், உடை, கொஞ்சம் சாப்பாடு, இது போக கம்பெனியின் பொதுச் சுமையில் அவருடைய பங்கு. சாதாரணமாக 25 கிலோ தாண்டிவிடும். ராக்கெட் லாஞ்சர் தூக்குபவருக்கும் மீடியம் மெஷின்கன் தூக்குபவருக்கும் இன்னும் கூடும். பதுங்கு குழிகளை உடைக்க நாங்கள் நம்பியிருந்த 84 மில்லிமீட்டர் கார்ல் குஸ்தாவ் லாஞ்சர் மட்டுமே 14 கிலோ பக்கம், அதன் ராக்கெட் தனி.

இங்கேதான் கணக்கு கழுத்தைப் பிடிக்கும். 5.56 மில்லிமீட்டர் தோட்டா ஒன்று 12 கிராம், நூறு தோட்டா 1.2 கிலோ. ஒரு நாள் உலர் உணவுப் பொட்டலத்தை எடுத்தால் அந்த எடைக்கு நூறுக்கும் மேல் தோட்டா எடுக்கலாம். தாக்குதலுக்குக் கிளம்பும் முன் பையைத் திறந்து பார்த்தால் பையன்கள் சாப்பாட்டைக் கீழேயே வைத்துவிட்டுத் தோட்டாவை அடைத்திருப்பார்கள். வேறு பட்டாலியன் ஆட்களும் இதையே செய்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. நான் முழுக்கத் தடுக்கவில்லை, ஷக்கர்பாரா என்ற இனிப்பும் உலர் திராட்சையும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருக்கிறதா என்று மட்டும் ஹவில்தார் மேஜர் தட்டிப் பார்ப்பார்.

அந்தக் கூடுதல் சுமையை யார் தூக்கினார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

லாரி சாலையோடு நின்றுவிடும். அங்கே பட்டாலியனின் நிர்வாகத் தளம். அங்கிருந்து கோவேறு கழுதைகள். ராணுவத்தில் அதற்கென்றே கம்பெனிகள் உண்டு. ஒரு மனிதன் தூக்குவதைப் போல சுமார் மூன்று மடங்கு தூக்கும், இருட்டில் பாதை தெரியும், சத்தம் போடாது. ஆனால் ஒரு சரிவுக்கு மேல் கழுதையும் நின்றுவிடும். அதற்கு மேல் மனித முதுகுதான். திராஸ், கார்கில், பட்டாலிக் கிராமங்களில் இருந்து வந்த உள்ளூர் போர்ட்டர்கள், அப்புறம் நம் ஆட்களே. மேலே ஒரு கம்பெனி சண்டை போட்டால் கீழே இன்னொரு கம்பெனி முழுக்கச் சுமந்துகொண்டே இருக்க வேண்டும். சமையல்காரர், முடிவெட்டுபவர், கிளார்க், டிரைவர் என்று யாரையும் விட்டு வைக்கவில்லை.

ஒரு இரவுச் சுமைப் பயணம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இருட்டியதும் கிளம்ப வேண்டும், வெளிச்சம் வருவதற்குள் பாறை மறைவுக்குத் திரும்பிவிட வேண்டும். ஜெரிகேனில் தண்ணீரை முழுக்க நிரப்பக் கூடாது. உறைந்தால் விரியும், அதோடு பாதியாக இருந்தால் குலுங்கிச் சத்தம் கேட்கும், அதனால் துணி சுற்றிக் கட்டுவோம். உலோகம் உலோகத்தில் படும் இடமெல்லாம் பழைய சாக்ஸைச் செருகுவோம். நெட்டுக்குத்தான இடத்தில் முதல் ஆள் ஏறிக் கயிறு போடுவார், மற்றவர்கள் ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் பாறையையும் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். பத்து அடி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டும். இருமல் வந்தால் கம்பளித் தொப்பியை வாயில் அழுத்திக்கொண்டுதான் இரும வேண்டும். 81 மில்லிமீட்டர் மோர்ட்டார் குண்டு ஒன்று நாலு கிலோவுக்கு மேல், ஓர் ஆள் ஐந்தாறு எடுத்துப் போவார். இரவு முழுக்க அவர் உயிரைக் கையில் பிடித்துத் தூக்கி வந்ததை மோர்ட்டார்காரர்கள் ஒரு நிமிடத்துக்குள் போட்டுத் தீர்த்துவிட முடியும். அவர் வெறும் கையோடு இறங்கி மறுநாள் இரவு திரும்பவும் வருவார்.

போர்ட்டர்களில் வயதானவர்களும் இருந்தார்கள். துப்பாக்கி கிடையாது, ஹெல்மெட் கிடையாது, கூலிதான். அவர்கள் வீடும் அதே குண்டு வீச்சுக்குள்தான் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் வராமல் இருந்திருந்தால் திராஸில் எந்தச் சிகரமும் ஜூலைக்குள் நம் கைக்கு வந்திருக்காது என்று நான் உறுதியாகவே சொல்வேன்.

ஹெலிகாப்டரில் எல்லாவற்றையும் இறக்கியிருக்கலாமே?

அந்த உயரத்தில் காற்று மெலிந்து போவதால் ஹெலிகாப்டர் தூக்கும் எடை வெகுவாகக் குறைந்துவிடும். இறங்கச் சமதளம் வேண்டும், அதுவும் எதிரி கண்ணில் படாத இடமாக. மே 28 அன்று விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் ஒன்றைத் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணையால் வீழ்த்தினார்கள். சிகரத்துக்குப் பக்கத்தில் பொருள் இறக்குவது நடக்கிற காரியம் இல்லை. காயம்பட்டவர்களைக் கீழே உள்ள ஹெலிபேடில் இருந்து எடுத்துப் போனதில் சீட்டா ஹெலிகாப்டர் விமானிகள் செய்தது பெரிய உதவி.

மேலே என்ன சாப்பிட்டீர்கள்?

கீழே லங்கரில், அதாவது எங்கள் சமையல் கூடத்தில், பூரி சுட்டுப் பொட்டலம் கட்டி மேலே அனுப்புவார்கள். வந்து சேரும்போது கல்லாகியிருக்கும், ஜாக்கெட்டுக்குள் வைத்து இளக்கித் தின்ன வேண்டும். உலர் பழம், சாக்லேட், டின் உணவு, சத்துமாவு. 15,000 அடியில் தண்ணீர் 85 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், அதனால் பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. உயரத்தில் பசியும் எடுக்காது, சாப்பிட வைப்பதே ஒரு வேலை.

சாப்பாட்டை விடப் பெரிய கஷ்டம் தண்ணீர். சுற்றிலும் பனி இருக்கும், குடிக்க இருக்காது. பனியை உருக்க ஸ்டவ் வேண்டும், ஸ்டவுக்கு மண்ணெண்ணெய் வேண்டும், மண்ணெண்ணெய்க்கு முதுகு வேண்டும். ஒரு பெரிய டின் நிறையப் பனியை அள்ளிப் போட்டால் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதிலும் கரியும் மண்ணெண்ணெய் வாடையும். வெடிமருந்துப் புகை படிந்த பனியை மேலாகச் சுரண்டி எறிந்துவிட்டு அடியில் இருப்பதைத்தான் எடுப்போம். வெயில் காலத்தில் பாறை வெளியே தெரியும் சரிவுகளில் அந்தப் பனியும் கிடைக்காது, கீழே இருந்து சுமந்தால்தான் உண்டு.

பீரங்கி உதவி இல்லாமல் முடிந்திருக்குமா?

முடிந்திருக்காது. போஃபர்ஸ் பீரங்கிதான் எங்கள் தைரியம். அதன் குண்டு ஒன்று 43 கிலோவுக்கு மேல். அந்தப் போரில் பீரங்கிப் படை மொத்தம் இரண்டரை லட்சம் குண்டுகளும் ராக்கெட்டுகளும் சுட்டதாகக் கணக்கு. அதில் பெரும்பகுதி அந்த ஒரே சாலையில், இருட்டில் ஓடிய லாரிகளில் வந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். இத்தனைக்கும் மே 9 அன்றே கார்கிலில் இருந்த வெடிமருந்துக் கிடங்கு எதிரியின் குண்டு விழுந்து பெரும் சேதமாகியிருந்தது. ஜூன் 13 அன்று 2-வது ராஜ்புத்தானா ரைபிள்ஸ் டோலோலிங்கைப் பிடித்த பிறகுதான் சாலையில் ஓடிய டிரைவர்களுக்கு மூச்சு வந்தது.

காயம்பட்டவர்களை எப்படி இறக்கினீர்கள்?

ஒரு ஸ்ட்ரெச்சருக்கு நாலு பேர், மாற்றிக்கொள்ள இன்னும் நாலு பேர். அதாவது ஒருவர் காயம்பட்டால் ஒரு செக்‌ஷனே கணக்கில் இருந்து போய்விடும். நெட்டுக்குத்தான இடத்தில் ஸ்ட்ரெச்சர் உதவாது, ஒருவர் முதுகில் கட்டிக் கயிற்றில் இறக்க வேண்டும். பல மணி நேரம் ஆகும், அதற்குள் ரத்தப்போக்கும் குளிரும் ஆளைக் கொன்றுவிடலாம். அதனால் சுமை கொண்டுவருபவர்கள் திரும்பும்போது காயம்பட்டவர்களை எடுத்துப் போகிற மாதிரி நேரத்தைப் பின்னி வைப்போம். மேலே தோட்டா, கீழே ஆள். ஒரு நல்ல திட்டத்துக்கும் மோசமான திட்டத்துக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில் தெரிந்துவிடும்.

வடநாட்டு ஜவான்களுக்குத் தமிழ் அதிகாரி, மொழி சிக்கலாக இல்லையா?

முதல் வருடத்தில் இருந்தது, போருக்குள் அது தீர்ந்து போயிருந்தது. நான் அவர்களோடு அவர்கள் பேச்சில்தான் பேசினேன். சுபேதாரை நான் "சாப்" என்பேன், அவர் என்னை "சாப்" என்பார், அதுதான் ராணுவ மரியாதை. என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். சுமைக்கு யாரை அனுப்பலாம், யாருக்கு இன்று ஓய்வு தர வேண்டும் என்பதை ஜவான்களின் முகத்தைப் பார்த்தே அவர் சொல்வார், நான் அதற்குத் தகுந்த மாதிரி உத்தரவு போடுவேன்.

வீட்டுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்ததா?

சேர்ந்தது, தாமதமாக. எங்கள் முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது, பட்டாலியன் பெயரும் "மேற்பார்வை 56 ஏ.பி.ஓ." (ராணுவ அஞ்சலகம்) என்றும்தான் இருக்கும். ரேஷன் சுமையோடு கடிதக் கட்டும் ஏறும். எடையைக் குறைக்க எதை எதையோ கீழே விட்டிருக்கிறோம், கடிதத்தை விட்டதில்லை. அரை கிலோ காகிதம் ஒரு பிளட்டூனை இரண்டு நாள் நிமிர்ந்து நிற்க வைக்கும்.

இறந்தவர்களைப் பற்றி?

நாடு முழுக்க 527 பேர். முந்தைய போர்களில் பெரும்பாலும் போர்முனையிலேயே இறுதிச் சடங்கு நடந்துவிடும், இந்தப் போரில்தான் உடலை ஊருக்கு அனுப்புவது வழக்கமானது. அதுவும் சுமைதான், யாரும் அதை அப்படிச் சொல்ல மாட்டோம். ஆனால் மலையில் இருந்து எடுக்க முடிந்தால்தானே? திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் பீகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனில் இருந்தவர், மே 29 அன்று பட்டாலிக்கில் தன் ஆட்களுக்கு முன்னால் போய் இறந்தார். வீர சக்ரா கொடுத்தார்கள். அவருடைய உடலை ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் மீட்க முடிந்தது. அந்த ஒரு மாதம் அந்த வீட்டில் எப்படிப் போயிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பேச்சு வராது. திருச்சியில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறதா?

நிறைய. குளிர்காலத்திலும் அங்கே படை நிற்கிறது, உடை நன்றாக இருக்கிறது. 2020-ல் மணாலியில் இருந்து லே போகும் வழியில் ரோதாங் பக்கம் அடல் சுரங்கம் திறந்தது, 2025 ஜனவரியில் சோன்மார்க் சுரங்கம் திறந்தது, சோஜிலாவுக்கு அடியிலும் சுரங்கம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். சாலை எவ்வளவு நன்றானாலும் கடைசி சில ஆயிரம் அடி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு இன்னமும் கோவேறு கழுதையும் போர்ட்டரும்தான். போர்ட்டர்களுக்குக் காப்பீடு, நல்ல பூட்ஸ், காயம்பட்டால் ராணுவ ஆஸ்பத்திரியில் முழு வைத்தியம், இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியம், இந்த நான்கும் ஜவானுக்கு எப்படியோ அப்படியே அவர்களுக்கும் கிடைக்க வேண்டும். எந்த மேடை கிடைத்தாலும் நான் கேட்பது இதைத்தான், கிடைக்கும் வரை கேட்பேன்.